நாலு புள்ளி ஒன்பது

புட்டியைச் சாம்பல் மேட்டில் கவிழ்த்த அடுத்த நொடியே அன்னபுஷ்பத்துக்குத் தெரிந்துவிட்டது, தப்புப் பண்ணிவிட்டோம் என்று.

தண்ணீராக இருந்தால் சாம்பல் குடித்திருக்கும். எண்ணெயாக இருந்தால் ஊறியிருக்கும். இது இரண்டையும் செய்யவில்லை. உள்ளங்கையில் அடங்கும் இங்க் புட்டிதான், ஆனால் படிக்கல் மாதிரி கனத்தது. அதிலிருந்து விழுந்த வெள்ளிக் குழம்பு சாம்பலைத் தொட்டதும் நூறு மணிகளாகச் சிதறியது. மேட்டின் சரிவில் உருண்டு, காலையில்தான் அவள் சாணி மெழுகி வைத்த புழக்கடைத் தரைக்கே திரும்பி வந்தது.

இரண்டு கோழிகள் ஓடி வந்தன.

"ச்சூ! ச்சூ! செத்துப் பூடுவீங்கடி, ஓடுங்க!"

மண்டியிட்டு இரண்டு கையாலும் அள்ளப் பார்த்தாள். பிடித்தால் நழுவியது. அமுக்கினால் நாலாகப் பிரிந்தது. ஒரு மணியைத் துரத்தினால் அது இன்னொன்றோடு சேர்ந்து பெரிய மணியாகி, அவளைப் பார்த்துச் சிரிப்பது போல ஆடியது. தலைக்கு நேரே பங்குனி வெயில். மணி பதினொன்று இருக்கும். காலேஜிலிருந்து ஆள் வருகிறது என்று பஸ்ஸில் வந்த ஒருத்தன் சொல்லிவிட்டுப் போய் அரை மணியாகிறது. ஒரகடம் ரோட்டிலிருந்து சேரப்பணஞ்சேரி வழி திரும்பினால், சவுக்குத் தோப்பைத் தாண்டி மூன்றாவது வீடு.

"இன்னாக்கா தேடற? மூக்குத்தி வுழுந்துடுச்சா?"

வேலிக்கு அந்தப் பக்கம் ராஜம்மா. கையில் முருங்கைக்கீரைக் கொத்து, கண்ணில் இரண்டு ஆளுக்கான வம்புப் பசி.

"ஒண்ணுமில்ல. கண்ணாடி ஒடஞ்சிடுச்சி."

"கண்ணாடி உருளுதேக்கா!" ராஜம்மா முள்வேலியில் புடவை மாட்டுவதைக்கூடப் பார்க்காமல் எட்டிப் பார்த்தாள். "தோ பாரு, நான் யாருகிட்டயும் சொல்லல. ஆனா ஊரு சொல்லுது. போன வாரம் உங்க வூட்டுக்காரர மணிமங்கலத்துல ரசமணி வைத்தியரு வூட்டு வாசல்ல பார்த்தாங்களாம். அவரு பாதரசத்தக் கட்டி மணி பண்றவரு. உங்க வூட்டுக்காரருக்கு அங்க இன்னா வேல?"

அன்னபுஷ்பம் குனிந்தாள். பார்வை தன் கைமேல் நின்றுவிட்டது.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் மாதா கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்து, சின்னப்பராஜ் அவள் விரலில் போட்ட தங்க மோதிரம். அது தங்கமாக இல்லை. ஈயம் பூசினது போல வெளுத்துப் போயிருந்தது. புடவைத் தலைப்பில் தேய்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

போகவில்லை.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

*

நடந்தது இதுதான். காலேஜ் பௌதிக லேபில் சின்னப்பராஜ் அட்டெண்டர். காலேஜ் திறந்த நாளிலிருந்து, பதினாலு வருஷமாக. காலையில் மேஜை துடைத்து, மீட்டர்களை எடுத்து வைத்து, ஒயர் மாட்டி, சாயங்காலம் எண்ணிப் பூட்டுகிற வேலை. சனிக்கிழமைகளில், பையன்கள் எழுதிப் போட்ட ரஃப் தாள்களை ஒரு கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வருவான். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சி, அன்னபுஷ்பம் அவற்றைப் பைகளாக ஒட்டுவாள். படப்பைக் கடைகளில் கடுகும் மிளகும் நியூட்டன் கணக்கில்தான் மடிந்து போகும். லேபிலிருந்து வந்த காகிதத்தில் பையாகாமல் தப்பியது ஒன்றே ஒன்று: தகரப் பெட்டியின் அடியில் விரித்திருந்த பச்சைக் கட்டம் போட்ட தாள். அதைத் தொடக் கூடாது என்று சின்னப்பராஜ் சொல்லியிருந்தான். ஏன் என்று சொன்னதில்லை.

நேற்று மத்தியானம் அவனிடமிருந்து லேப் சாவியைப் பிடுங்கிவிட்டார்கள்.

சீமையிலிருந்து வந்த, ரேடியோவில் இருப்பது மாதிரியான ஒரு கண்ணாடி வால்வை அவன் மாற்றிவிட்டானாம். உள்ளே பாதரசம் இருந்த வால்வை விற்றுவிட்டு, மூர் மார்க்கெட்டில் வாங்கின பழைய வால்வு ஒன்றை அதன் இடத்தில் சொருகிவிட்டானாம். திருப்பிக் கொடுக்காவிட்டால் வேலை போகும், போலீஸ் வரும்.

"நீ எடுத்தியா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல" என்றான்.

ராத்திரி கூழ் குடிக்கவில்லை. விடிந்ததும் ஒட்டின பைகளைக் கொண்டு போய்ப் படப்பையில் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டான். அவன் போனதும் அவள் காக்கிப் பையைக் குடைந்தாள். டிபன் டப்பா, ஸ்குரூ டிரைவர், ஃபியூஸ் ஒயர் சுருள். அதற்கு அடியில் பழந்துணியில் சுற்றிய இங்க் புட்டி.

பாதரசம்.

இல்லை என்று சொன்ன மனுசனின் பையில்.

*

சைக்கிளை மிதித்து வந்தவர் வாட்ச்மேன் கன்னியப்பன். பின்னால் உட்கார்ந்து வந்தவன் கோதண்டராமன், பௌதிக லெக்சரர். மணிமங்கலத்துப் பயிர்க்கார வீட்டுப் பையன். இதே காலேஜில் படித்து, தங்கப் பதக்கம் வாங்கி, போன ஜூனில் இங்கேயே வேலைக்கு வந்தவன். இருபத்தொன்பது வயசு. கையில் காக்கி ஃபைல்.

"சின்னப்பராஜ் இருக்காரா?"

"படப்ப போய்க்கீறாரு. வந்துடுவாரு. உக்காருங்க சார்." அன்னபுஷ்பம் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "மோர் தரட்டா?"

"வேண்டாம்மா."

"எனக்குக் குடும்மா" என்றார் கன்னியப்பன். "சவுக்குத் தோப்பு மணல்ல இவர வச்சி மிதிச்சதுல நாக்கு உள்ள பூடுச்சி. கூழு கீதா?"

"கீது. தவக்காலம், வெள்ளிக்கெழம. கருவாடு கெடையாது, மோர் மொளகாதான்."

சொம்பை நீட்ட இரண்டு கை வேண்டியிருந்தது. நீட்டினாள்.

கோதண்டராமனின் கண் சொம்பைப் பார்க்கவில்லை.

"மோதிரத்துல என்ன?"

"பழசு சார். கறுத்துப் போச்சி."

"தங்கம் கறுக்காதும்மா." மெதுவாக எழுந்தான். "வெளுக்கும். ஒண்ணே ஒண்ணு பட்டாதான் அப்படி வெளுக்கும். எங்க இருக்கு அது?"

கன்னியப்பன் கூழை வாயில் வைத்தபடியே நின்றார். புழக்கடையிலிருந்து ராஜம்மாவின் குரல் வந்தது, யாரும் கேட்காமலே: "இங்கதான் சார் உருண்டுகினு கீது!"

எல்லோரும் பின்பக்கம் போனபோது சின்னப்பராஜ் ஏற்கெனவே அங்கே இருந்தான்.

தோப்பு வழியாகக் குறுக்கே வந்திருக்கிறான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு தபால் கார்டை இரண்டாக மடித்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு மணிகளைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவசரமே இல்லை. சின்ன மணியைப் பெரிய மணிக்குக் காட்டினான், அது விழுங்கியது. பெரியதை இன்னும் பெரியதற்குக் காட்டினான். ஐந்து நிமிஷத்தில் முக்கால்வாசி புட்டிக்குள் இருந்தது. அன்னபுஷ்பம் அரை மணி போராடித் தோற்ற வேலை.

"கையால தொட்டியா?" என்றான் அவளைப் பார்க்காமல். "சோப்புப் போட்டுக் கழுவு. மோதிரத்தக் கழட்டி வை. கோழிங்க கொத்திச்சா?"

"இது ஏது சின்னப்பராஜ்?" என்றான் கோதண்டராமன்.

"ஒடஞ்ச தெர்மாமீட்டருதுங்க சார். பதினாலு வருஷத்துது. தரையில வுட்டா பசங்க கால்ல ஒட்டிக்கினு போவும். வாரி இந்தப் புட்டியில போட்டு வைப்பேன். பாரோமீட்டருல கொறஞ்சா ஊத்துவேன். நேத்து சாவி கேட்டப்போ மேஜ டிராயர்ல இருந்தத எல்லாம் பையில போட்டுக்கினேன். இதுவும் வந்துடுச்சி."

கோதண்டராமன் புட்டியை வாங்கி எடை பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

"இது வால்வுல இருந்து வந்ததில்ல" என்றான், கன்னியப்பனிடம். "அந்த வால்வுக்குள்ள ஒரு சொட்டுதான் இருக்கும். இது அதுபோல நூறு பங்கு."

அன்னபுஷ்பத்துக்கு மூச்சு வந்தது. உடனே நின்றது.

"ஆனா ஒளிக்கப் பார்த்திருக்கீங்க. குத்தம் பண்ணாதவங்க எதுக்கு ஒளிக்கணும்?"

*

வேப்பமர நிழலில் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். ஃபைலைத் திறந்தான் கோதண்டராமன். இடப்பக்கம் சாய்ந்த அவன் கையெழுத்தில் இரண்டு பக்க ரிப்போர்ட். கீழே சின்னப்பராஜ் கையெழுத்துப் போட இடம்.

"நாலு மணிக்கு இதை நான் பிரின்சிபால்கிட்ட குடுக்கணும். வால்வு எங்க இருக்குன்னு சொல்லிடுங்க. போலீஸ் வேண்டாம்னு நானே கேக்கறேன். வேலை போகும், ஜெயில் இருக்காது."

"நான் மாத்தல சார்."

"இது ஒண்ணையே சொன்னா எப்படி?"

அன்னபுஷ்பம் குறுக்கே வந்தாள். "சார், எனக்கு ஒண்ணு புரியல. வால்வு பார்க்க அதே மாதிரிதான் கீதுன்றீங்க. மாத்திட்டாருன்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க? உள்ள கைய வுட்டா பார்த்தீங்க?"

கன்னியப்பன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கோதண்டராமன் சிரிக்கவில்லை. பாடம் கேட்டால் விட முடியாத ஜாதி அவன்.

"அணுன்னா என்னன்னு தெரியுமாம்மா?"

"இவரு தொடச்சி வைக்கிற டப்பாக்குள்ள கீதுன்னு தெரியும்."

"படப்பையில வேர்க்கடலை அளக்கறாங்கல்ல? ஒரு ஆள் இருக்கான்னு வைங்க. படி நெறைஞ்சாதான் வாங்குவான். முக்காப்படி நீட்டினா தொடவே மாட்டான். அணுவும் அப்படித்தான். பாதரச அணுவோட படி நாலு புள்ளி ஒன்பது வோல்ட். நாம வோல்ட்டை அரை அரையா ஏத்திக்கிட்டே போவோம், மீட்டர்ல முள்ளு ஏறிக்கிட்டே போகும். படி நெறைஞ்ச இடத்துல அணு அதை வாங்கிக்கும். முள்ளு பட்டுனு விழும். திரும்ப ஏறும். இன்னொரு நாலு புள்ளி ஒன்பது ஏத்தினா திரும்ப விழும்."

"இப்ப வுழலையா?"

"விழுது. ஆனா பதினொன்றரை வோல்ட்டுக்கு ஒரு தடவைதான் விழுது. அது ஆர்கானோட படி. ஆர்கான் வேற ஒரு வாயு. ஆளு மாறிட்டான்மா. உள்ள இருக்கறவன் தன்னை மறைக்கவே முடியாது. நான் நாலு நாள், நாப்பது தடவை அளந்துட்டேன்."

"இத்தினி வருஷம் வேற யாருமே அளக்கலையா?"

நல்ல கேள்வி. கோதண்டராமன் முகம் சுளித்தான்.

"அளக்கல. அதுதான் இந்த லேபோட லட்சணம். பழைய புரொபசர் காலத்துலேருந்து ஒரு துண்டுச் சீட்டு. ரீடிங் எல்லாம் அதுல ரெடியா இருக்கும். பரீட்சை அன்னிக்கு அட்டெண்டர் கையில கொண்டு வந்து வைப்பாரு. பையன் முள்ளைப் பார்க்காமலே எழுதிட்டுப் போயிடுவான். நான் வந்ததும் முதல்ல அந்தச் சீட்டைத்தான் கிழிச்சேன்."

"புரொபசர் குடுக்கச் சொன்னாரு, குடுத்தேன்" என்றான் சின்னப்பராஜ் தரையைப் பார்த்து. "அப்ப எல்லாருமே சீட்டப் பார்த்து எழுதனவங்கதானே சார். அந்த வால்வுல எப்ப பாதரசம் இருந்துச்சின்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

கோதண்டராமன் ஃபைலிலிருந்து ஒரு பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்தான். பிரவுன் அட்டை, மூலையெல்லாம் தேய்ந்திருந்தது.

"எழுபத்துநாலு மார்ச். வால்வு வந்த வருஷம், முதல் செட்டு, நான். இதோ பாருங்க, நாலு புள்ளி ஒன்பது. சீட்டு இல்ல. நானே அளந்தது. அம்பதுக்கு நாப்பத்தெட்டு. அன்னிக்குப் பாதரசம் இருந்துச்சு, இன்னிக்கு இல்ல. நடுவுல சாவி ஒரே ஆள்கிட்டதான் இருந்துச்சு."

சின்னப்பராஜ் நிமிர்ந்தான்.

அவன் முகத்தைப் பார்த்தாள் அன்னபுஷ்பம். கோபம் இல்லை. பயமும் இல்லை. கண்டுபிடித்துவிட்ட முகம். எதையோ நேற்றிலிருந்து சந்தேகப்பட்டு, இப்போது உறுதியாகிப் போனவன் முகம்.

கையிலிருந்த தபால் கார்டை இன்னும் சின்னதாக மடித்தான்.

"உள்ள வா" என்றாள் அவள்.

*

அடுக்களையில் பசைச் சட்டி இன்னும் சூடாக இருந்தது. மாவு வாசனையும் துத்தத்தின் நெடியும்.

"வைத்தியரு வூட்டுக்கு எதுக்குப் போன?"

"யாரு சொன்னாங்க?"

"ஊரே சொல்லுது. புட்டிய நம்பறேன். இத்த எப்படி நம்பறது? வித்தியா?"

"கேக்கப் போனேன்."

"இன்னாத்த?"

"பாதரசம் நெருப்புக் காட்டாம ஆவியாவுமான்னு."

அன்னபுஷ்பம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பதினாலு வருஷமா காலேஜுல கீற. அங்க அத்தினி படிச்சவங்க கீறாங்க. அவங்கள கேக்காம ரசமணி கட்டறவர்கிட்ட போய்க் கேட்டியா?"

"அங்க கேட்டா, ஏன் கேக்கறன்னு கேப்பாங்க."

"நானும் அதேதான் கேக்கறேன்."

அவன் குரலை இறக்கினான். "அந்த வால்வு ஒரு தகர அடுப்புக்குள்ள கீது. சூடு பண்ணாதான் உள்ள கீற சொட்டு ஆவியாவும், அப்பதான் முள்ளு வுழும்னு புரொபசர் சொல்லுவாரு. நூத்தியெண்பது டிகிரி. ரெண்டு வருஷத்துல அடுப்புக் காயிலு எரிஞ்சி பூடுச்சி. புரொபசராண்ட சொன்னேன். ஆவட்டும்டா, சீட்டுல நூத்தியெண்பதுன்னு போட்டிருக்கு, பசங்க எழுதிப்பாங்கன்னாரு. ஆனா போன வாரம் ஒருநா சும்மா சுவிட்சப் போட்டுப் பார்த்தேன். அடுப்பு ஜில்லுனு கீது. முள்ளு வுழுது."

"அதனால?"

"வைத்தியரு சொல்லிட்டாரு. நெருப்புல பொடம் போடாம பாதரசம் எழவே எழாதாம். அப்ப உள்ள கீறது பாதரசமே இல்ல."

"அத்தப் போய் அந்தாளுகிட்ட சொல்லேன்! வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"சொன்னா, அடுப்பு எரியறத்துக்கு முன்னாடியே மாத்திட்டன்னுவான்."

"அப்ப அதுக்கும் முன்னாடி?"

சின்னப்பராஜ் சட்டியில் கரண்டியை விட்டுக் கிளறினான். கிளற வேண்டிய அவசியம் இல்லை.

"அவனுக்கு என்னப் பார்த்து பயம், புஷ்பம். அதான் என்ன வெளிய தள்ளப் பார்க்கறான். நேத்தே ஒரு சந்தேகம் இருந்துச்சி. இப்ப அந்த நோட்ட எடுத்துக் காட்டனான் பாரு, அப்பதான் புரிஞ்சிது."

"லெக்சரரு உன்னப் பார்த்து எதுக்கு பயப்படணும்?"

"எனக்கு ஒண்ணு தெரியும்."

"இன்னா தெரியும்?"

சின்னப்பராஜ் கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினான்.

"பதினாறு வருஷமா உனக்குக் கூழு காச்சறேன். என்னாண்ட சொல்லக் கூடாத விஷயம் இன்னா விஷயம்? யாராவது பொம்பளையா?"

"சீ!"

"அப்ப சொல்லு."

"ஒருத்தன் பொழப்பு, புஷ்பம். நான் சொன்னா அவன் பொழப்பு பூடும்."

"சொல்லாட்டி நம்ம பொழப்பு பூடும். நம்ம கிரேசிய ஆஸ்டல்லேருந்து பொட்டியோட அனுப்புவாங்க, திருடன் பொண்ணுன்னு. நீ முதல்ல அந்த அடுப்பச் சொல்லு. வா!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

*

அடுப்புக் கதையைச் சொல்லி முடித்தபோது கோதண்டராமன் பேனாவை மூடி வைத்திருந்தான்.

"எழுபத்தாறுலயே காயில் எரிஞ்சிடுச்சா?"

"ஆமா சார். சந்தேகமா இருந்தா போய்ப் பாருங்க. இப்பவும் அப்படியேதான் கீது. நீங்க நாலு நாளா அளந்தீங்களே, சூடு பண்ணீங்களா?"

"இல்ல. ஆர்கானுக்குச் சூடு வேண்டாம். முதல் ரீடிங்லயே ஆர்கான்னு தெரிஞ்சிடுச்சு, அடுப்பை நான் தொடவே இல்ல." யோசித்தான். நெற்றியில் வியர்வை. "அப்ப மாத்தினது எழுபத்தாறுக்கு முன்னாடி. அவ்வளவுதான் வித்தியாசம். அப்பவும் சாவி உங்ககிட்டதான்."

சின்னப்பராஜ் மனைவியைப் பார்த்தான். நான் சொல்லவில்லையா என்கிற பார்வை. பிறகு கோதண்டராமனிடம் திரும்பினான். குரல் ரொம்ப மெதுவாக வந்தது.

"எழுபத்துநாலுல உங்களுக்கு நாலு புள்ளி ஒன்பது வந்துச்சா சார்?"

வேப்பம்பூ ஒன்று ஃபைலின் மேல் விழுந்தது.

"வந்துச்சு."

"நல்லா ஞாபகம் கீதா?"

"வந்துச்சுன்னு சொல்றேன்ல!"

கன்னியப்பன் கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தார். அந்தச் சத்தம் தேவைக்கு மேல் பெரிசாகக் கேட்டது. ராஜம்மா வேலியில் இன்னும் ஒரு முழம் முன்னேறினாள். லெக்சரரின் காது மடல் சிவந்திருப்பதை அன்னபுஷ்பம் பார்த்தாள். உண்மை சொல்கிறவனுக்கு எதற்கு இத்தனை சத்தம்?

"கையெழுத்துப் போடுங்க" என்றான் கோதண்டராமன். "வால்வு பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்கிறார்னு எழுதியிருக்கேன். அவ்வளவுதான் என்னால முடியும். மத்தது போலீஸ் பார்த்துக்கும்."

சின்னப்பராஜ் பேனாவை வாங்கினான்.

போடப் போகிறான். ஒரு வார்த்தை பேசாமல் போட்டுவிடப் போகிறான். அன்னபுஷ்பத்துக்குத் தலைக்குள் என்னவோ ஒன்று பளிச்சென்றது. எழுபத்துநாலு. மகள் கிரேசிக்குக் கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை கொடுத்த வருஷம். இவன் லேபிலிருந்து வந்து, தகரப் பெட்டியைக் காலி பண்ணி, அடியில் அந்தக் கட்டம் போட்ட தாளை விரித்த வருஷம்.

உள்ளே ஓடினாள். பெட்டி கவிழ்கிற சத்தம் கேட்டது. ஞானஸ்நானச் சீட்டு, ரேஷன் கார்டு, கல்யாணப் புடவை எல்லாம் தரையில்.

"அத்த எடுக்காத!" சின்னப்பராஜ் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தான். "புஷ்பம்! சொன்னா கேளு!"

"இத்தினி வருஷம் கேட்டேன், போதும்." அவள் தாளோடு வெளியே வந்துவிட்டாள். "வாரா வாரம் கட்டுக் கட்டா கிழிச்சி ஒட்டறேன். இத்த மட்டும் கிழிக்காதன்ன. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா நீ எத்த மறைக்கறன்னு பார்க்கத் தெரியும். இந்தாங்க சார், இது இன்னான்னு பாருங்க. இதுல இவரு திருடன்னு எழுதியிருந்தா நானே போலீசுக்கு வரேன்."

பசை காய்ந்து ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. பெட்டிக்கு அளவாக மேல் பக்கத்தை மடக்கி ஒட்டியிருந்தான் சின்னப்பராஜ். நடுவில் பென்சிலால் போட்ட வளைவு. மலை மாதிரி ஏறி, விழுந்து, ஏறி, விழுந்து. மூன்று பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கீழே ஓர் எண். எல்லாவற்றின் மேலும் குறுக்காகச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் பழைய புரொபசரின் எழுத்து: தவறு. 15-3-74.

கோதண்டராமன் அதை மடியில் விரித்தான்.

"பதிமூணு" என்றான். "இருபத்துநாலரை. முப்பத்தாறு." விரல் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்கு நகர்ந்தது. "பதினொன்றரை. இங்கயும் பதினொன்றரை."

விரல் சிவப்பு மைத் தேதிக்குப் போனது.

"எழுபத்துநாலு மார்ச்... அப்பவே ஆர்கான்!" அவன் குரல் உயர்ந்தது. "வால்வை யாரும் மாத்தலையே! வாங்கும்போதே தப்பான வால்வு. அனுப்பினவனே மாத்தி அனுப்பியிருக்கான். புரொபசர் புஸ்தகத்தைப் பார்த்துச் சீட்டு எழுதியிருக்காரு, முள்ளைப் பார்க்கல. ஒருத்தன், ஒரே ஒருத்தன் உட்கார்ந்து ஒழுங்கா அளந்திருக்கான். அவன்கிட்ட தப்புன்னு சொல்லி, தாளைக் குறுக்கே அடிச்சிருக்காங்க!"

"அப்ப எங்க வூட்டுக்காரரு...?"

"அவர்மேல குத்தம் இல்லம்மா." ரிப்போர்ட்டை எடுத்துக் குறுக்கே கிழிக்கப் போனவன் நிறுத்தினான். "ஆனா இந்தத் தாள் மட்டும் பத்தாது. நான் எழுதிக் குடுத்த சாட்சி இருக்கே, நாலு புள்ளி ஒன்பதுன்னு. பிரின்சிபால் இதை எங்க பொறுக்கினீங்கன்னு கேப்பாரு. இதைப் போட்ட பையன் வரணும். எங்க செட்டு பதினோரு பேரு, எவன்னு கண்டுபிடிச்சிடலாம். திங்கட்கிழமை வந்து, நான்தான் அளந்தேன், பதினொன்றரைதான் வந்துச்சு, தப்புன்னு சொன்னதால பயந்து சீட்டைப் பார்த்து எழுதினேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். இவர் வேலை நிக்கும்."

"வேணாம் சார்" என்றான் சின்னப்பராஜ். "அந்தப் பையன வுட்டுடுங்க."

"ஏன்?"

"அவன் அன்னிக்கு லேப் பின்னாடி நின்னு அழுதான். கை நடுங்குது, எனக்கு வரலன்னு அழுதான். புரொபசரு சீட்டக் குடுடான்னாரு. நான்தான் கொண்டு போய் அவன் கையில வச்சேன். முதல் சீட்டு அதுதான். தாளத் தூக்கிப் போட்டுட்டுப் போய்ட்டான். எனக்கு அத்தக் கிழிக்க மனசு வரல. அன்னிக்கு முள்ளு வுழுந்தத நானும் பக்கத்துல நின்னு பார்த்தேன். அவன் பொய்யா போடல."

"அவனை எதுக்குக் காப்பாத்தறீங்க? எனக்கும்தான் அன்னிக்குக் கை நடுங்கிச்சு. முள்ளு நிக்கவே இல்ல, நானும்..." கோதண்டராமன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "அதை விடுங்க. இந்தப் பையன் என்னை மாதிரி இல்ல. இவனுக்கு நல்ல கை. இவன் கண்டிப்பா வந்து சொல்வான். பேர் எங்க? இந்தத் தாள்ல பேர் இருக்கணுமே?"

சின்னப்பராஜ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் நேற்றிலிருந்து சந்தேகப்பட்டது தப்பு என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இந்த ஆளுக்குப் பயம் இல்லை. இந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது.

"மேல மடிச்சி ஒட்டிகீது சார், அதுக்குள்ள இருக்கும்" என்றாள் அன்னபுஷ்பம்.

சொம்பில் மிச்சமிருந்த கூழ்த் தண்ணீரில் விரலைத் தொட்டு மடிப்பின் மேல் தடவினாள். பசை அவளுக்குத் தெரிந்த விஷயம். கொஞ்சம் பொறுத்து, நகத்தால் நெம்பி, கிழியாமல் பிரித்தாள்.

வெயிலே படாத அந்த ஓரம் மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது. இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில் இரண்டே வரி:

கோ. கோதண்டராமன்
மூன்றாம் ஆண்டு, பௌதிகம்.